கிளிப்பா, காயிலா? ஊருக்கு வந்த இடத்தில் மூளை ரத்தக்குழாய் வெடித்தால்

லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது வீட்டில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு என்றால், ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் அத்தனை பேரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "அங்கெல்லாம் எப்படிப் பண்றாங்க? மண்டையைத் திறக்கணுமா, தொடை வழியா ஒயர் விட்டு அடைக்கலாமா? நீயே சொல்லு." கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஏற்கெனவே மேசையில் இருக்கும். யோசிக்கச் சில மணி நேரம்தான்.

இந்தப் பயணத்தில் அந்தச் சிகிச்சையை முதல் சி.டி. ஸ்கேனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை பக்கத்திலிருந்து பார்த்ததையும், இந்தத் துறையில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிளிப்பா (மண்டையைத் திறந்து, ரத்தக்குழாய்ப் புடைப்பின் கழுத்தைச் சின்னக் கவ்வியால் மூடுவது), காயிலா (தமனி வழியாகப் போய், மெல்லிய உலோகச் சுருளால் புடைப்பை உள்ளிருந்து அடைப்பது) என்பதைப் பெரும்பாலும் குடும்பம் முடிவு செய்வதில்லை. புடைப்பு இருக்கும் இடமும் அதன் கழுத்தின் அகலமும் அன்றிரவு அந்த ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்பதும் முடிவு செய்கின்றன. குடும்பத்தின் கையில் இருப்பவை வேறு: சரியான கேள்வி, சரியான ஆஸ்பத்திரி, அடுத்த 3 வாரக் கவனிப்பு, கடைசியில் கையில் வாங்கும் காகிதம்.

அனியூரிசம் என்பது மூளையின் அடியில் ஓடும் தமனி கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து பை போலப் புடைத்திருப்பது. பை தமனியோடு சேரும் வாய்தான் அதன் கழுத்து. பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். வெடித்தால் ரத்தம் மூளையைச் சுற்றியிருக்கும் திரவத்தில் கலக்கும். டாக்டர்கள் சுருக்கமாக எஸ்.ஏ.எச். என்பார்கள். சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு. அடி எதுவும் படாமல் இந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் 100க்கு 85 முறை காரணம் அனியூரிசம்தான்.

அடையாளம் ஒன்றுதான், ஆனால் அழுத்தமானது: சில விநாடிகளுக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் இதுவரை வராத தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம். ஒரு பக்கக் கண் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்திருந்தால் பின்புற இணைப்புத் தமனியில் புடைப்பு இருக்கலாம். அதைக் 'கண் பிரச்சினை' என்று கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது ஒரு தவறு. இன்னொரு தவறு இதைவிட மோசம். மூளையில் ரத்தம் கசிந்தவுடன் இதயத்துக்கு ஏற்படும் அதிர்ச்சியில் இ.சி.ஜி. மாறும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தத்தில் ஏறும். அதைப் பார்த்து ஹார்ட் அட்டாக் என்று நினைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஹெப்பாரின் எல்லாம் கொடுத்துவிட்டால் மூளைக் கசிவு நிற்காது. தலைவலியோடு விழுந்தவர் என்றால் அந்த ஒரு வரியை அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் இடத்தில் (டிரையேஜில்) இருப்பவர் காதில் போட்டே ஆக வேண்டும்.

முதல் பரிசோதனை சாதாரண சி.டி. தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் நல்ல மெஷினில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்தால் கிட்டத்தட்ட எதுவும் தப்பாது. நாள் ஆக ஆக ரத்தம் கரைந்து சி.டி.யில் மங்கிவிடும். அப்போது முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து, அது மஞ்சள் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சள் நிறம் வர 12 மணி நேரம் ஆகும் என்பதால் அவசரப்பட்டு எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரத்தம் உறுதியானதும், சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ, அதிலும் தெளிவில்லை என்றால், அல்லது காயில் போடுவதாக இருந்தால், டி.எஸ்.ஏ. எனப்படும் கதீட்டர் ஆஞ்சியோ (தமனிக்குள் மெல்லிய குழாய் விட்டுச் சாயம் செலுத்தி எடுப்பது).

ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியவை நான்கு: எந்தத் தமனி, பையின் அளவு எத்தனை மி.மீ., கழுத்து எத்தனை மி.மீ., பைக்குள்ளிருந்தோ கழுத்திலிருந்தோ வேறு கிளை கிளம்புகிறதா. கூடவே கேஸ் ஷீட்டில், நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று சொல்லும் டபிள்யூ.எஃப்.என்.எஸ். கிரேடு இருக்கும். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா மதிப்பெண் 15 என்றால் கிரேடு 1. 13 அல்லது 14 இருந்து கை கால் பலவீனம் இல்லையென்றால் 2, பலவீனம் இருந்தால் 3. 7 முதல் 12 வரை 4, அதற்கும் கீழே 5. ஃபிஷர் கிரேடு என்பது சி.டி.யில் ரத்தம் எவ்வளவு தடிமனாகப் படிந்திருக்கிறது என்பதற்கான அளவு. அது பின்னால் வரும் ரத்தக்குழாய்ச் சுருக்கத்தை முன்கூட்டிச் சொல்லும். இந்த ஆறு விஷயமும் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தால், வெளிநாட்டில் தெரிந்த டாக்டர் யாரிடம் போனில் கேட்டாலும் அவரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். 'மூளையில ரத்தம் கசிஞ்சிருக்காம்' என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அவசரம் ஏன்? வெடித்த புடைப்பு தானாக ஒரு ரத்தக்கட்டியால் அடைபட்டு நிற்கிறது. அந்த அடைப்பு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மறுகசிவுக்கு மிக ஆபத்தான நேரம் முதல் 24 மணி நேரம், அதிலும் முதல் 6 மணி. மறுபடி கசிந்தால் பிழைப்பவர் குறைவு. அதனால்தான் கிளிப்போ காயிலோ, முடிந்தவரை சீக்கிரம், 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் (2023) சொல்கிறது. நல்ல நாள் பார்ப்பதும், வெளியூரிலிருந்து வர வேண்டியவருக்காகக் காத்திருப்பதும் இதில் கிடையாது. காத்திருக்கும் நேரத்தில் பி.பி. ஏறாமல், அதே சமயம் திடீரென்று சரியாமல் பார்ப்பார்கள். வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, முக்காமல் இருக்க மலமிளக்கி. கசிவைத் தடுக்க டிரானெக்சாமிக் அமிலம் போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 2021இல் வெளியான அல்ட்ரா ஆய்வு, அதை எல்லோருக்கும் கொடுப்பதால் கடைசிப் பலன் மேம்படவில்லை என்று காட்டிவிட்டது.

இனி இரண்டு முறைகள்.

கிளிப்பிங் பழையது. 1937இல் அமெரிக்க நியூரோ சர்ஜன் வால்டர் டேண்டி வெள்ளிக் கிளிப் ஒன்றைப் புடைப்பின் கழுத்தில் போட்டதிலிருந்து தொடங்குகிறது. ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்து அதை இன்றைய நிலைக்கு உயர்த்தியதில் நியூரோ சர்ஜன் யாசர்கிலுக்குப் பெரும் பங்கு உண்டு. முழு மயக்கத்தில் தலையை மூன்று ஊசி கொண்ட கிளாம்ப்பில் அசையாமல் பொருத்துவார்கள். முன்பக்கத் தமனிகளுக்கு வழக்கமான வழி, முடி எல்லைக்குப் பின்னால் காதுக்கு முன்னிருந்து நெற்றி வரை வளைவான கீறல். தசையை ஒதுக்கி, எலும்பைக் கதவு போல ஒரு துண்டாக எடுத்து, கண்குழிக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டை டிரில்லில் சமனாக்குவார்கள். அந்த எலும்பை எவ்வளவு நன்றாகக் குறைக்கிறார்களோ அவ்வளவுக்கு மூளையை இழுத்துப் பிடிக்கும் தேவை குறையும். பிறகு மூளையின் முன் மடலுக்கும் பக்க மடலுக்கும் இடையிலுள்ள சில்வியன் பிளவை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பிரித்து, மூளை நீரை வெளியே விட்டு, மூளை தானாகத் தளர்ந்ததும் உள்ளே போகிறார்கள்.

முதலில் புடைப்பை நெருங்க மாட்டார்கள். அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைத்தான் முதலில் கைவசப்படுத்துவார்கள். நடுவில் வெடித்தால் அங்கே தற்காலிகக் கிளிப் போட்டு நிறுத்தலாம். ஆனால் அது சில நிமிடக் கணக்குதான். மயக்க டாக்டர் சத்தமாக நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சில சமயம் அடினோசின் கொடுத்து இதயத்தைச் சில விநாடி நிறுத்துவதும் உண்டு. கழுத்தைச் சுற்றியுள்ள, மூளைக்குள் ஆழமாகப் போகும் மெல்லிய 'துளைக்கும் தமனி'களை ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகே கிளிப். கிளிப்பின் அலகு, அதாவது கவ்வும் பகுதி, கழுத்தின் அகலத்தைப் போல சுமார் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும், ஏனென்றால் வட்டமான கழுத்து நசுங்கித் தட்டையாகும்போது அத்தனை நீண்டுவிடும். 4 மி.மீ. கழுத்துக்கு 4 மி.மீ. அலகு போட்டால் ஓரத்தில் வழி திறந்தே கிடக்கும். போட்ட பிறகு ஐ.சி.ஜி. எனும் ஒளிரும் பச்சைச் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்ப்பார்கள்: தமனிகள் எல்லாம் ஒளிர வேண்டும், பை மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். சின்ன டாப்ளர் முனையை வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசையும் கேட்பார்கள். பையைக் குத்திக் காலியாக்கிப் பார்ப்பதும் உண்டு. எலும்பை டைட்டானியம் தகடும் ஸ்குரூவும் போட்டு மூடுவார்கள்.

இதில் தப்பாகப் போகக்கூடியவை: துளைக்கும் தமனி ஒன்று கிளிப்பில் மாட்டிக்கொண்டால் ஆழத்தில் ஒரு சின்ன ஸ்ட்ரோக். சின்னதுதான், ஆனால் அது நினைவாற்றலையோ ஒரு பக்கக் கை காலையோ எடுத்துக்கொள்ளும். புடைப்பு முளைத்திருக்கும் தாய்த் தமனியே குறுகிப் போகலாம். அன்றைக்கு மூளை ஏற்கெனவே வீங்கியிருப்பதால் இழுத்துப் பிடித்த இடத்தில் நசுங்கல் வரலாம். பின்னால் வலிப்பு, புண்ணில் தொற்று, முன் எலும்பின் காற்றறை திறந்திருந்தால் மூக்கு வழியாக மூளை நீர் ஒழுகல், வாசனை தெரியாமை, நெற்றிப் பொட்டில் தசை வற்றிப் பள்ளம், புருவத்தைத் தூக்க முடியாமை. கடைசி இரண்டைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. வாய் முழுசாகத் திறக்காமல் சில வாரம் சாப்பாட்டுக்குச் சிரமப்படுவதையும் சொல்வதில்லை.

காயிலிங் புதியது. இத்தாலிய டாக்டர் குய்டோ குக்லியெல்மி உருவாக்கிய, மின்சாரத்தால் பிரியும் பிளாட்டினம் காயில் 1990இல் முதல் நோயாளிக்குப் போடப்பட்டது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடைத் தமனியிலோ மணிக்கட்டுத் தமனியிலோ குழாய் ஏற்றி, கழுத்துத் தமனி வரை பெரிய கதீட்டர், அதற்குள்ளிருந்து அரை மி.மீ.க்கும் குறைவான உள்விட்டமுள்ள மைக்ரோ கதீட்டரை புடைப்பின் வாய் வரை கொண்டுபோவார்கள். இரண்டு பக்கத்திலும் எக்ஸ்ரே கருவி இருக்கும் பைப்ளேன் கேத் லேபில் இதைச் செய்வது நல்லது. ஒரே கோணத்தில் பார்த்தால் ஒயர் முனை பைக்குள்ளா, பக்கத்துக் கிளையிலா என்று ஏமாற வாய்ப்புண்டு.

முதல் காயில் பையின் விட்ட அளவுக்கே எடுத்து, உள்ளே கூடு மாதிரி சுற்றவிடுவார்கள். அது கழுத்தைத் தாண்டி வெளியே வராமல் உட்கார்ந்தால்தான் பிரிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் உள்ளிழுத்து வேறு அளவு. இந்த இழுத்துத் திரும்பப் போடும் வசதிதான் காயிலின் உயிர்நாடி. பிறகு சின்னச் சின்ன காயில்களால் கூட்டை நிரப்பிக்கொண்டே, மைக்ரோ கதீட்டர் தானாகப் பின்னால் தள்ளப்படும் வரை போவார்கள். ஒரு கணக்கு: 7 மி.மீ. உருண்டைப் பையின் கொள்ளளவு சுமார் 180 கன மி.மீ. அதில் கால் பங்கை உலோகத்தால் நிரப்ப, 0.25 மி.மீ. தடிமனுள்ள காயில் சுமார் 90 செ.மீ. தேவை. நன்றாக அடைத்த பையிலும் உலோகம் 20 முதல் 25 சதவீதம்தான். மிச்சம் உறைந்த ரத்தம். திரையில் கருப்பாக நிரம்பித் தெரிவதைப் பார்த்து முழுக்கப் பிளாட்டினம் என்று நினைக்க வேண்டாம். காலப்போக்கில் ரத்த ஓட்டம் இடித்து இடித்து அது அமுங்கிக் கழுத்துப் பக்கம் மறுபடி இடம் திறப்பது இதனால்தான். நேராக மோதும் ரத்த ஓட்டத்துக்கு எதிரே இருக்கும், மூளைத்தண்டுக்கு முன்னால் ஓடும் பேசிலார் தமனியின் நுனிப் புடைப்பில் இது அதிகம்.

'மண்டையைத் திறக்கவில்லை, அதனால் சின்ன விஷயம்' என்ற எண்ணத்தைத்தான் இந்தப் பயணத்தில் அதிகம் கேட்டேன். அது தப்பு. ஒயரோ காயிலோ மெல்லிய சுவரைக் குத்திவிட்டால் மண்டை மூடியிருக்கும்போதே உள்ளே ரத்தம் பீறிடும். அந்த நிமிடத்தில் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் (100 யூனிட்டுக்கு 1 மி.கி.), பலூன் தயாராக இருந்தால் ஊதி நிறுத்தி, குத்திய காயிலை வெளியே இழுக்காமல் இன்னும் வேகமாக நிரப்பி மூடுவார்கள். அதற்கு நேர் எதிரான ஆபத்து, காயிலில் ரத்தம் உறைந்து துணுக்கு மேலே போய் ஸ்ட்ரோக். இது இன்னும் அடிக்கடி நடப்பது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வேண்டும். வெடித்த புடைப்பு திறந்திருக்கும்போது ஹெப்பாரின் ஆபத்து. அதனால் முதல் காயில் உட்கார்ந்த பிறகே அதைத் தொடங்கும் டாக்டர்கள் உண்டு. கூடவே இடுப்பு மடிப்பில் ரத்தக்கட்டு, சாயத்தால் சிறுநீரகம் பாதிப்பு, நீண்ட நேர எக்ஸ்ரேயால் 2, 3 வாரம் கழித்து தலையில் திட்டுத் திட்டாக முடி உதிர்வது. முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது பையின் அகலம் கழுத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை என்றால் 'அகலக் கழுத்து'. காயில் தமனிக்குள் வழிந்துவிடும். அதற்குப் பலூனைத் தற்காலிகமாகக் கழுத்தில் ஊதிப் பிடித்து நிரப்புவது ஒரு வழி. இன்னொரு வழி, கழுத்துக்குக் குறுக்கே தமனிக்குள் வைக்கும் வலைக் குழாயான ஸ்டென்ட். ஆனால் ஸ்டென்ட் போட்டால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இரண்டும் தேவை. அடுத்த நாளே மூளை நீரை வடிக்க மண்டையில் துளையிட்டுக் குழாய் (ஈ.வி.டி.) வைக்க வேண்டி வந்தால், அந்தத் துளையிலிருந்து ரத்தம் கசியும். அதனால் வெடித்த கேஸில் 'ஸ்டென்ட் போடப் போகிறோம்' என்று சொன்னால், 'ஈ.வி.டி. குழாயை முதலில் வைத்துவிடுவீர்களா?' என்று கேட்பது நியாயமான கேள்வி. ஃப்ளோ டைவர்ட்டர் எனும் நெருக்கமான வலைக் குழாய்க்கும் அதே சிக்கல். மேலும் அது பையை மூட வாரங்கள், மாதங்கள் எடுக்கும், அதுவரை மறுகசிவுக்குக் காப்பு இல்லை. பைக்குள்ளேயே உட்காரும் வெப் எனும் வலைக் கருவிக்கு அந்த இரண்டு மாத்திரை தேவைப்படுவதில்லை என்பது அதன் பலம்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஐசாட். 1994 முதல் 2002 வரை 2143 பேர். ஒரு வருட முடிவில் இறந்தவர்களும் பிறர் துணை இல்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்ந்து காயில் பக்கம் 23.5 சதவீதம், கிளிப் பக்கம் 30.9 சதவீதம். 7.4 சதவீத வித்தியாசம், அதாவது 13, 14 பேருக்குக் காயில் போட்டால் ஒருவர் கூடுதலாகத் தப்பித்தார். உலகமே காயில் பக்கம் சாய்ந்தது இதனால்தான். ஆனால் அதற்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 9559 பேரைப் பரிசீலித்து, 'இரண்டு முறையும் செய்யலாம், எது நல்லது என்று உறுதியில்லை' என்ற நிலையில் இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். பெரும்பாலோர் நல்ல கிரேடு, கிட்டத்தட்ட எல்லாம் முன்பக்கத் தமனி, பெரும்பாலும் 10 மி.மீ.க்குள். பெரிய ரத்தக்கட்டியோடு கோமாவில் வந்த உங்கள் பெரியப்பாவுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

மறுபக்கம், திரும்பச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் காயிலில் 17.4 சதவீதம், கிளிப்பில் 3.8 சதவீதம். ஒரு வருடம் தாண்டி, சிகிச்சை செய்த அதே புடைப்பு மறுபடி கசிந்தவர்கள் (சராசரி 9 வருடப் பின்தொடர்தலில்) காயிலில் 10, கிளிப்பில் 3. வித்தியாசம் உண்மை, ஆனால் இரண்டுமே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் விரல் விட்டு எண்ணும் அளவு. வலிப்பு காயில் பக்கம் குறைவு. அரிசோனாவில் பேரோ நிறுவனம் நடத்திய பிராட் ஆய்வில் ஒரு வருடத்தில் மோசமான முடிவு கிளிப்பில் 33.7, காயிலில் 23.2 சதவீதம். 3 வருடத்தில் அந்த இடைவெளி புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. பின்பக்கத் தமனிகளில் மட்டும் காயிலின் மேன்மை நீடித்தது. 6 வருடத்தில் முழுசாக மூடியிருந்தவை கிளிப்பில் 96 சதவீதம், காயிலில் 48 சதவீதம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அங்கே காயிலுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடைசியில் கிளிப்புக்கு மாற்றப்பட்டார்கள், காயில் பொருந்தவில்லை என்பதால். இரண்டையும் செய்யத் தெரிந்த இடம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

என் கணிப்பைக் கேட்டால், நடைமுறை இப்படித்தான் பிரிகிறது. பேசிலார் போன்ற பின்பக்கத் தமனி என்றால் காயில். அங்கே கத்தியோடு போவதற்கான வழி ஆழமும் குறுகலுமானது. முன்பக்கம், நல்ல கிரேடு, இரண்டுக்கும் பொருந்தும் என்றால் காயிலுக்கு முன்னுரிமை. நடு மூளைத் தமனி பிரியும் இடத்தில் அகலக் கழுத்தோடு, கிளைகள் பையிலிருந்தே கிளம்பினால் கிளிப். அது எலும்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எட்டுவதும் எளிது. மூளைத் திசுவுக்குள் பெரிய ரத்தக்கட்டி இருந்து நினைவு குறைந்துகொண்டே போனால் கட்டியையும் எடுக்க வேண்டும், அதே கையோடு கிளிப். 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிளிப்பின் நீடித்த உறுதி கணக்கில் வரும். 70ஐத் தாண்டியவர்களுக்கு எது மேல் என்று வழிகாட்டுதலே உறுதியாகச் சொல்லவில்லை, உடல்நிலையைப் பார்த்துத்தான்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை, கூச்சப்படாமல்: கிளிப் போடும் நியூரோ சர்ஜனும் காயில் போடும் இன்டர்வென்ஷன் டாக்டரும் இருவரும் ஆஞ்சியோவைச் சேர்ந்து பார்த்தார்களா? கேத் லேப் ராத்திரியும் ஞாயிறும் ஓடுமா, பைப்ளேனா? வருடத்துக்கு எத்தனை வெடித்த அனியூரிசம் பார்க்கிறார்கள்? வருடம் 10க்கும் குறைவாகப் பார்க்கும் இடம், 35க்கு மேல் பார்க்கும் இடத்துக்குச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும் என்று 2012 வழிகாட்டுதலே எண் போட்டுச் சொன்னது. ஒரே ஒரு முறை மட்டும் செய்யும் ஆஸ்பத்திரியில், எந்தப் புடைப்பைக் காட்டினாலும் அந்த முறைதான் பொருத்தம் என்ற பதில் வரும். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. தெரிந்த வேலையின் கண்ணால் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நியூரோ ஐ.சி.யூ. தனியாக உண்டா, மண்டை மேல் கருவி வைத்து மூளைத் தமனிகளின் ரத்த வேகத்தை அளக்கும் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் தினமும் செய்வார்களா என்பதையும் கேளுங்கள். காரணம் அடுத்தது.

புடைப்பு அடைபட்டதும் வராந்தாவில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். உறவினர்கள் கிளம்பத் தொடங்குவார்கள். பாதி ஆபத்து இனிமேல்தான். 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை, சிந்திய ரத்தத்தின் எரிச்சலால் தமனிகள் சுருங்கி மூளைக்கு ரத்தம் குறையலாம். கிளிப் போட்டாலும் காயில் போட்டாலும் இது வரும். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் வார்த்தை தேடுவது, ஒரு கை சற்று தொய்வது, காரணமில்லாமல் தூங்கி வழிவது முதல் அறிகுறிகள். பக்கத்தில் இருப்பவர் நர்ஸுக்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்கலாம். 'ராத்திரி தூங்கல, அசதி' என்று விடக் கூடாது. சிகிச்சை: பி.பி.யை மருந்தால் உயர்த்துவது, பலன் இல்லையென்றால் மறுபடி கேத் லேபில் தமனிக்குள் மருந்தோ பலூனோ. பி.பி.யை உயர்த்தும் சுதந்திரம் கிடைப்பதற்காகவும்தான் புடைப்பை முதலில் மூடிவிடுகிறார்கள்.

நிமோடிபின் இதற்குப் பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மி.கி., 21 நாள், ராத்திரியும் எழுப்பி. 30 மி.கி. மாத்திரை என்றால் நாளுக்கு 12, மொத்தம் 252. 12ஆம் நாள் டிஸ்சார்ஜ் ஆனால் மிச்ச 9 நாளுக்கு 108 மாத்திரை வீட்டுக்கு வர வேண்டும். எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. இந்தப் பயணத்தில் பார்த்த ஒரு டிஸ்சார்ஜ் சீட்டில் அது '1-1-1' என்று, சாதாரண மாத்திரை போல, 5 நாளுக்கு எழுதப்பட்டிருந்தது. பி.பி. இறங்கினால் 2 மணிக்கு ஒருமுறை 30 மி.கி. ஆக்குவார்கள், நிறுத்துவது கடைசி வழி. மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க காப்ஸ்யூலிலிருந்து சிரிஞ்சில் எடுக்கும்போது, அது தவறுதலாக ரத்தக்குழாயில் ஏறி உயிர் போன சம்பவங்கள் உலகில் உண்டு. அந்தச் சிரிஞ்சில் 'வாய் வழி மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பார்த்தால் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

சோடியமும் இறங்கும். மூளையில் அடிபட்டவருக்குச் சோடியம் குறைந்தால் தண்ணீரைக் குறைப்பது ஒரு பழைய பழக்கம். எஸ்.ஏ.எச்.சில் அது தீங்கு, ஏனென்றால் இங்கே உப்போடு நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. உடல் வறண்டால் சுருங்கிய தமனியில் ரத்தம் இன்னும் குறையும். அதனால் கொடுப்பது உப்புக் கரைசல், சிலருக்கு உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். மூளை நீர் தேங்கினால் ஈ.வி.டி. குழாய்; சில வாரத்திலும் அது சரியாகவில்லை என்றால் அந்த நீரை வயிற்றுக்கு வடிக்கும் நிரந்தரக் குழாய், அதாவது ஷன்ட்.

இனி காகிதம். நம்மைப் போல வேறு நாட்டுக்குத் திரும்புபவர்களோ, பெற்றோரைக் கூட்டிப் போக நினைப்பவர்களோ இதில்தான் கோட்டை விடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கிளிப்பிங் செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் போதாது. கிளிப்பின் கம்பெனி, மாடல் எண், டைட்டானியமா வேறு கலவையா, எத்தனை கிளிப். காயில் என்றால் பெயரும் அளவும், ஸ்டென்ட் உண்டா. பெட்டியோடு வரும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். காரணம் எம்.ஆர்.ஐ. இப்போதைய கிளிப்புகளும் பிளாட்டினம் காயிலும் காந்தத்தால் இழுக்கப்படாதவை. ஆனால் பழைய எஃகுக் கிளிப்புகளில் சில நகர்ந்துவிடக்கூடியவை என்பதால், மாடல் தெரியாத கிளிப்போடு எந்த எம்.ஆர்.ஐ. சென்டரும் உள்ளே விடாது. வெளிநாட்டில் நள்ளிரவில் அந்த எண்ணுக்காக ஊர் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டி வரும். புரோகிராம் செய்யும் ஷன்ட் என்றால் செட்டிங் எண்ணும் வேண்டும், எம்.ஆர்.ஐ. காந்தம் அதை மாற்றிவிடலாம், ஸ்கேனுக்குப் பிறகு சரிபார்க்க வேண்டும்.

ஆஞ்சியோ படங்களை ஃபிலிமாகவோ வாட்ஸ்அப் போட்டோவாகவோ வாங்காமல், டைகாம் எனும் மூலப் பட ஃபைலாக சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். சிகிச்சை முடிந்த பின் எடுத்த கடைசி ஆஞ்சியோ படத் தொடர் (ரன்) அதில் இருக்க வேண்டும், அடுத்த ஸ்கேனை அதோடு ஒப்பிட்டுத்தான் காயில் அமுங்கியதா என்று சொல்வார்கள். காயில் போட்டவருக்கு முதல் பரிசோதனை சுமார் 6 மாதத்தில், பிறகு சில வருடங்களுக்கு இடைவெளி விட்டு, எம்.ஆர். ஆஞ்சியோவே பெரும்பாலும் போதும். கிளிப் உலோகம் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடத்தை மறைத்துவிடும் என்பதால் அவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோ அல்லது டி.எஸ்.ஏ. காயில் போட்டவரை ஊரில் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால், அந்த 6 மாதத் தேதிக்கு யார் அழைத்துப் போவார் என்பதைப் புறப்படும் முன்பே பேசி வையுங்கள். தலைவலி இல்லை என்பதால் அதை விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

விமானம்: மண்டையைத் திறந்தால் உள்ளே காற்று தங்கும், அது கரையச் சில வாரம் ஆகலாம். கேபின் அழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்துக்குச் சமம். அடைபட்ட காற்று அங்கே விரியும். கிளம்பும் முன் ஒரு சாதா சி.டி., டாக்டர் கையெழுத்துடன் விமான நிறுவனத்தின் மெடிஃப் எனும் உடல்நிலைப் படிவம் இரண்டும் தேவை. காயில் போட்டவருக்குக் காற்றுப் பிரச்சினை இல்லை, ஆனால் 14 நாள் சுருக்கக் காலமும் 21 நாள் மாத்திரையும் முடியாமல் டிக்கெட் போடாதீர்கள். ஏர்போர்ட் மெட்டல் டிடெக்டரைப் பற்றிப் பயம் வேண்டாம்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வி கடைசியில் கட்டாயம் வரும். குடும்பத்தில் நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ அனியூரிசம் இருந்தால் மற்றவர்களுக்கு எம்.ஆர். ஆஞ்சியோ அல்லது சி.டி. ஆஞ்சியோ சொல்வார்கள்; சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் வரும் பரம்பரை நோய் இருந்தாலும் அப்படியே. ஒருவருக்கு மட்டும் என்றால் வழக்கமாக வேண்டாம். அவர்களுக்கு ஸ்கேனைவிட, சிகரெட்டை நிறுத்துவதும் பி.பி.யை அளந்து கட்டுக்குள் வைப்பதும்தான் முதல் வேலை.